கடற்கரை டைனோசர் அகழ்வு: எலும்பையும் கரியையும் பிரித்தறிய உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாக் கடற்கரையில் நடக்கவிருக்கும் டைனோசர் புதைபடிவ அகழ்வொன்றில் தன்னார்வலராகச் சேரவிருக்கிறேன். இன்வெர்லாக் அருகே 1991இல் கண்டறியப்பட்ட ஃபிளாட் ராக்ஸ் போன்ற இடங்களில், ஓதம் இறங்கியிருக்கும் சில மணி நேரத்திற்குள் குழியில் சேர்ந்த மணலையும் நீரையும் அகற்றி, பாறையைப் பெயர்த்து மேலே கொண்டுவர வேண்டும். பிறகு மாலை வரை உட்கார்ந்து, சுத்தியலும் உளியும் கொண்டு ஒவ்வொரு கல்லையும் சிறு துண்டுகளாக உடைத்துப் பார்க்க வேண்டும்.

எனக்குக் கவலை தருவது இந்த உடைக்கும் வேலைதான். அந்த மணற்கல்லில் கரியாகிப்போன மரத்துண்டுகளும் எலும்புகளும் கலந்தே கிடக்கின்றன, இரண்டும் கருமையானவை. எலும்பில் நுண்துளைகள் தெரியும், கரி பளபளப்பாக இருந்து எளிதில் நொறுங்கும் என்று படித்திருக்கிறேன். ஆனால் கல் ஈரமாக இருக்கும்போது இந்த வேறுபாடு தெரியுமா? 1997இல் அங்கே ஒரு தன்னார்வலர் கண்டெடுத்த, ஆஸ்க்ட்ரிபோஸ்ஃபெனோஸ் என்னும் சிறு பாலூட்டியின் தாடை இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை என்பதால், கவனக்குறைவான ஓர் அடியில் எதை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

இத்தகைய அகழ்வில் பணியாற்றியவர்களோ நிலவியல் படித்தவர்களோ இருந்தால், எந்த அளவு உருப்பெருக்கும் லென்ஸ் வாங்கலாம், எலும்பு வெளிப்பட்டவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும், நாள் முழுவதும் சுத்தியல் பிடிக்கும் மணிக்கட்டை எப்படிப் பாதுகாப்பது என்பவற்றைத் தயவுசெய்து விளக்குங்கள். ஒப்பிட்டுப் பழகுவதற்கு எலும்பு, கரி இரண்டின் அண்மைப் படங்கள் உங்களிடம் இருந்தால் அவையும் பேருதவியாக இருக்கும்.