மீள்சுற்றா, மறுசுழற்சியா? தூவல் முற்றத்து நீருக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகள் மேல் நீரைப் பீய்ச்சும் விளையாட்டுத் தளமான ஸ்பிளாஷ் பேடுக்கு நம் சொல்லாக்கக் குழுவில் ‘தூவல் முற்றம்’ என்று முடிவானதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. முற்றத்து மழையில் நனைந்து ஆடாத பிள்ளை உண்டா? ஆனால் நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் அதன் ‘ரீசர்க்குலேஷன்’ அமைப்புக்குக் குழுவில் அக்கா ஒருவர் முன்வைத்த ‘மறுசுழற்சி’யை என்னால் ஏற்க முடியவில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தப் பம்புகளைப் பராமரிப்பதுதான் என் வேலை. தரையில் விழுந்த நீர் நிலத்தடித் தொட்டிக்குப் போய், மணல் வடிகட்டி, புறஊதா விளக்கு, குளோரின் எல்லாம் கடந்து, ஒரே நாளில் பலமுறை பிள்ளைகள் முகத்துக்கே திரும்புகிறது. மறுசுழற்சி என்றால் பழைய தாள் அட்டையாவது போல ஒன்று வேறொன்றாவது. இங்கே எதுவும் வேறாவதில்லை. அதே நீர்தான். கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி, குளோரின் சரியாக உள்ள நீரிலும் 7 நாளுக்கு மேல் தாங்கும். 4 முதல் 6 மைக்ரான் அளவே இருப்பதால் மணலிலும் நழுவிவிடும். 2005-இல் நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஏரிப் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றது இதனால்தான். புறஊதா விளக்கு தேவைப்படுவதும் இதற்காகவே. எங்கள் டிசம்பர் வெயில் வேறு குளோரினைத் தின்றுவிடும். காலையில் அளந்தது மதியம் இருக்காது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் ஆயாவிடம் (பாட்டியிடம்) சொல்லிப் பார்த்தேன். ‘மறுசுழற்சி’ அவருக்குப் பிடிபடவில்லை. “அதே தண்ணிதான் சுத்திச் சுத்தி வருது” என்றதும், “அப்போ வயிறு சரியில்லாத புள்ளைய விடக்கூடாது” என்றார். அறிவிப்புப் பலகை செய்ய வேண்டிய வேலை முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

முதலில் ‘சுற்றுநீர்’ என்று நினைத்தேன். குழுவில் ஐயா ஒருவர் சுட்டியது சரி: சுற்றுச்சுவர் போல, சூழ்ந்திருக்கும் நீர் என்று படித்துவிடுவார்கள். ‘சுழல்நீர்’ ஆற்றுச் சுழியை நினைவூட்டும். அதனால் ‘மீள்சுற்று’ என்கிறேன். மீள்பார்வையில் உள்ள அதே மீள். மீள்சுற்று அமைப்பு, மீள்சுற்றுப் பம்பு என்று தடையில்லாமல் ஒட்டும். பலகையில் மட்டும் ‘இங்கே அதே நீர் சுற்றி வருகிறது’ என்று முழுதாக எழுதிவிடலாம்.

அப்புறம், வடிகட்டி மணலில் நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்தி அழுக்கை வெளியேற்றும் பேக்வாஷுக்கு ‘எதிரலசல்’ போதும். அரிசியையும் துணியையும் அலசுகிறோமே, அதே அலசல்.

நிலத்தடித் தொட்டிக்கு ‘சேர்தொட்டி’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் நிறையவில்லை. நீர் ஏறி இறங்குவதைத் தாங்கிக்கொள்வதும் அதன் வேலை. ‘தாங்குதொட்டி’ சரியாக வருமா, சொல்லுங்கள்.