ஆறு மணிக்குத் திருப்பியாச்சு என்று நாலரை மணிக்கே கையெழுத்து

சமாதானபுரம்:
அம்மாவை எட்டு மாதத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையை ஒட்டிய ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். இடுப்பு எலும்பு முறிந்து, ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்தும் எழுந்து நடக்க முடியவில்லை. நான் இருப்பது ஓசூரில். வீட்டில் வைத்து ஆள் போட்டுப் பார்த்தேன், மூன்று மாதத்தில் நாலு ஆள் மாறியாச்சு. இல்லத்தில் மாதம் 22,000. டயபர், மருந்து தனி. ‘24 மணி நேரமும் நர்சிங் கேர்’ என்று போர்டிலேயே எழுதியிருக்கிறார்கள்.

போன சனிக்கிழமை சொல்லாமல் போய் நின்றேன். அம்மாவுக்கு வால் எலும்பு இருக்கும் இடத்தில், ஐந்து ரூபாய்த் துட்டு அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்து கிடக்கிறது. கட்டில் கால்மாட்டில் ஒரு சார்ட் தொங்கும். படுக்கைப் புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடது பக்கம், வலது பக்கம் என்று திருப்பிப் படுக்க வைத்ததைக் குறிக்க. அதில் நாலு மணிக்கு வலது, ஆறு மணிக்கு இடது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது. நான் பார்த்தபோது மணி நாலரை.

கேட்டதும் டூட்டியில் இருந்த பிள்ளை அழுதுவிட்டது. அம்மாவைச் சேர்த்தபோது இருந்த சிஸ்டர் மூன்று பேரில் இப்போது ஒருவர்கூட இல்லை. ஆயாக்களும் புது முகம். நிர்வாகத்திடம் போனால், “அந்தப் பொண்ணை நிறுத்திடுதோம் சார்” என்கிறார்கள். நிறுத்தினால் புண் ஆறிவிடுமா? இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர்:
இல்லத்தின் பெயர், ஆள் பெயர் யாரும் போட வேண்டாம். போட்டால் அழித்துவிடுவேன்.

நைட் டூட்டி:
அண்ணாச்சி, நான் ஜி.என்.எம். நர்சிங் படித்தவள். ஆலங்குளம் பக்கம். இதே மாதிரி ஒரு இல்லத்தில் ஒன்றரை வருடம் இருந்தேன். அந்தப் பிள்ளை போட்ட கையெழுத்தை நானும் போட்டிருக்கிறேன். சரி என்று சொல்லவில்லை. எப்படிப் போடுகிறோம் என்று சொல்கிறேன்.

ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை டூட்டி. 26 பேர். அதில் படுத்த படுக்கை 11. ஒரு சிஸ்டர், ஒரு ஆயா. ஒருவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். டயபர் நனைந்திருந்தால் மாற்றி, துடைத்து, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்து முடிக்க எட்டு நிமிடமாவது ஆகும். பதினோரு பேருக்கு 88 நிமிடம். இரண்டு மணி நேரத்தில் மிச்சம் 32 நிமிடம். அதற்குள் இரண்டு பேருக்கு மூக்கு வழியே போட்ட ரைல்ஸ் ட்யூபில் கஞ்சி விடணும், யூரின் பேக் காலி பண்ணணும், பி.பி., சுகர் பார்த்து நோட்டில் ஏற்றணும். ஒரு பெரியவர் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் விவசாயம் பார்த்தவர். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, “கன்னடியன் கால்வாய்ல தண்ணி விட்டாச்சு, மடை திறக்கணும்” என்று வாசலுக்கு நடப்பார். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து படுக்க வைக்கவே கால் மணி நேரம்.

இதெல்லாம் ஆயா வந்த ராத்திரிக் கணக்கு. வராத ராத்திரி 60 கிலோ ஆச்சியை நான் ஒற்றைக்குப் புரட்டணும். சார்ட் காலியாக இருந்தால் ஐம்பது ரூபாய் பிடிப்பார்கள். அதனால் டூட்டி ஏறினதுமே அந்த ஷிப்டுக்கு மொத்தமாக எழுதிவிடுவோம். உங்கள் அம்மா சார்ட்டில் எல்லாக் கட்டமும் ஒரே பேனா மையில், ஒரே சாய்வில் இருக்கும், பாருங்கள்.

சம்பளம் 11,000, கையில் காசாக. ஒரிஜினல் சர்டிபிகேட் அவர்கள் பீரோவில். நான் விலகினபோது ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அப்பா நகையை வைத்துக் கட்டினார்.

இருபது கட்டில்:
எல்லாரும் முதலாளியைத் திட்டுவதற்கு முன்னால் முதலாளி கணக்கையும் பாருங்கள். நான் சேரன்மகாதேவி ரோட்டில் சின்னதாக ஒரு இல்லம் நடத்துகிறேன். 20 கட்டில், ஆளுக்கு 18,000. எல்லாரும் ஒழுங்காகக் கட்டினால் 3,60,000.

வாடகை 55,000. மூன்று சிஸ்டர் 42,000. ஆறு ஆயா 54,000. சமையலுக்கு இரண்டு பேர் 24,000. சாப்பாட்டுச் சாமான், பால், கேஸ் எல்லாம் சேர்த்து 90,000. கரண்ட் 22,000. வந்து பார்க்கிற டாக்டருக்கு 15,000. சலவை, பினாயில், கையுறை, வண்டி என்று 25,000. கூட்டிப் பாருங்கள், 3,27,000. மிச்சம் 33,000. இதில் இரண்டு வீட்டுக்காரர்கள் நாலு மாதமாகக் கட்டவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. அந்தத் தாத்தாவையும் ஆச்சியையும் ரோட்டில் விடவா முடியும்?

அப்புறம், செய்யாத வேலைக்குச் செய்தேன் என்று கையெழுத்துப் போடுவதை நியாயப்படுத்தாதீர்கள். நாளைக்கு மருந்துச் சார்ட்டிலும் அதையே செய்தால்? ஆள் போதவில்லை என்று வாய் திறந்து சொல்ல வேண்டியதுதானே. காலையில் சேர்ந்து, மறுநாள் வேறு இடத்தில் ஐந்நூறு கூடக் கிடைக்கிறது என்று போனை ஆஃப் பண்ணிவிடுகிறார்கள். சர்டிபிகேட்டை வாங்கி வைப்பது அதனால்தான்.

நெல்லை சீமைப்புலி:
பெத்த தாயைக் காசு கொடுத்து அடுத்தவன் கையில் விட்டுவிட்டு, புண் வந்தது என்று இங்கே வந்து ஒப்பாரி. நம் சீமையில் இப்படி ஒரு காலம் வரும் என்று யார் நினைத்தது?

சமாதானபுரம்:
நீங்கள் வந்து ஒரு வாரம் பார்த்துக்கொள்ளுங்களேன் அண்ணாச்சி. பஸ் சார்ஜ் நான் தருகிறேன்.

ரிட்டயர்டு கிளார்க்:
தொழிலாளர் துறையில் முப்பது வருடம் பைல் தூக்கியவன். ‘இருபது கட்டில்’ நண்பர் நேர்மையாகக் கணக்குப் போட்டிருக்கிறார், அதற்கு நன்றி. அதே கணக்கில் ஒரு சங்கதி. மூன்று சிஸ்டர், ஆறு ஆயா, சமையல் இரண்டு. மொத்தம் 11 பேர். பத்துப் பேர் வேலை பார்த்தாலே இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, வந்துவிடும். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். உங்கள் பங்கு 3.25 சதவீதம். சம்பளம் மொத்தம் 1,20,000, ஆக மாதம் 3,900 ரூபாய். அவர்கள் பங்கு 0.75 சதவீதம், 900. உங்கள் பட்டியலில் பினாயில் இருக்கிறது, இந்த 3,900 இல்லை.

பி.எஃப். 20 பேர் இருந்தால்தான் கட்டாயம். அதை உங்கள் தலையில் போட மாட்டேன்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு. ஆறு ஆயா, ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் உங்கள் 54,000 எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். சர்டிபிகேட் விஷயத்தில் பேச்சே கிடையாது. படிப்புச் சான்றிதழை அடகுப் பொருள் மாதிரிப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தடவைக்கு மேல் சொல்லியாச்சு.

இருபது கட்டில்:
சார், நாங்கள் ஆஸ்பத்திரி இல்லை. முதியோர் இல்லம். சேவை.

ரிட்டயர்டு கிளார்க்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். வீட்டுக்காரர்களிடம் காசு வாங்கும்போது ‘நர்சிங் கேர்’. துறையிலிருந்து ஆள் வந்தால் ‘சேவை’. ட்யூப் போட்டு, ஊசி போட்டு, நோயாளியைப் படுக்க வைத்துப் பார்த்தால், 1997ஆம் வருட மருத்துவ நிறுவனச் சட்டப்படி பதிவு வேண்டுமா என்று மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பதிவு என்றாலும் இ.எஸ்.ஐ. கணக்கில் தலை எண்ணிக்கைதான் பேசும்.

முக்கூடல்காரி:
எங்கள் அம்மா முப்பது வருடம் பீடி சுற்றினாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கம்மிதான். ஆனால் பி.எஃப். உண்டு, பாஸ்புக் உண்டு, ஊரிலேயே பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி உண்டு. இருமல் வந்து டாக்டர் புகையிலையைத் தொடாதே என்றதால், இரண்டு வருடமாக ஒரு இல்லத்தில் ஆயா வேலை. அங்கே இவள் வேலை பார்த்தாள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. போன ஆடியில் ஒரு தாத்தாவைத் தூக்கும்போது இடுப்பு பிடித்து, ஒன்பது நாள் படுத்துக் கிடந்தாள். ஒன்பது நாளுக்கும் சம்பளம் பிடித்தார்கள். வலிக்கு ஊசி போட்டதும் எங்கள் காசு. வேலை மாறினதில் முதலில் அம்மாவுக்குப் பெருமை, “வெள்ளைச் சேலை கட்டுத வேலை” என்று ஊரெல்லாம் சொன்னாள். இப்போது பீடித் தட்டை மறுபடியும் தேடுகிறாள்.

இன்னொன்று. அங்கே சாப்பிடுகிற இடம் தனி. இல்லத்தில் இருக்கிறவர்கள் சாப்பிட்டு முடித்து மிஞ்சினதைத்தான் ஆயாக்கள், மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

இருபது கட்டில்:
என் இல்லத்தில் அப்படிக் கிடையாது. எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. என் வேலைக்காரர்கள் என்னிடம் எப்படி இருக்கிறார்கள் என்பதற்கு 2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்கிறேன். 17ஆம் தேதி ராத்திரி அடித்த மழை இந்த ஊரில் யாருக்கும் மறக்காது. ஆற்றுத் தண்ணி ஏறினபோது கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை எல்லாம் முங்கிக் கிடந்தது. அப்போது என் இல்லம் ஆற்றுப் பக்கம் வாடகைக் கட்டடத்தில் இருந்தது. கீழ்த் தளத்தில் இருந்த ஒன்பது பேரையும் இரண்டு ஆயா, ஒரு சிஸ்டர், நான், சமையல்காரர் சேர்ந்து பெட்ஷீட்டில் வைத்து மாடிக்குத் தூக்கினோம். கரண்ட் இல்லை, போன் இல்லை. மூன்று நாள் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளைகள் என்ன ஆச்சு என்றுகூடத் தெரியாது. யாராவது அடித்தா வேலை வாங்கினேன்? பாசத்தில் நின்றார்கள்.

நைட் டூட்டி:
அந்த மூன்று நாளுக்குச் சம்பளம் எப்படிப் போட்டீர்கள்?

இருபது கட்டில்:
பொங்கலுக்கு ஆளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தேன்.

நைட் டூட்டி:
72 மணி நேரம், ஒரு சேலை.

உங்களை மட்டும் சொல்லவில்லை அண்ணாச்சி. நான் இப்போது செங்கோட்டை தாண்டி, புனலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2016இல் அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரி என்றாலும் நர்சுக்கு 20,000க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. எல்லா மாநிலத்துக்கும் பொதுவானதுதான். 2017இல் கேரளத்து நர்சுகள் போராட்டத்தில் இறங்கினார்கள், 2018இல் அந்த அரசு ஊதிய அறிவிப்புப் போட்டது. மலை தாண்டுகிற தூரம்தான் வித்தியாசம். அங்கேயும் சொர்க்கம் இல்லை, சண்டை உண்டு. ஆனால் டூட்டி மாற்ற ஆள் வராமல் யாரும் என்னைப் பதினாறு மணி நேரம் நிற்க வைத்தது கிடையாது.

வாய் திறந்து சொல்லலாமே என்றீர்கள். நான் சொன்னேன். “ரிலீவர் ஒருத்தர் வேணும் சார்” என்று. அடுத்த வாரம் எனக்குத் தொடர்ந்து பதினாலு நைட் போட்டார்கள்.

சமாதானபுரம்:
ஒரு சந்தேகம். நான் மாதம் 22,000 கொடுக்கிறேன். ‘இருபது கட்டில்’ 18,000 வாங்குகிறார். நல்லபடி ஆள் போட்டு நடத்தினால் எவ்வளவு ஆகும்?

இருபது கட்டில்:
கிளார்க் சார் சொன்ன இ.எஸ்.ஐ., இரண்டு ரிலீவர், எட்டு மணி நேர ஷிப்டு என்று போட்டால் 25,000க்குக் குறையாது. கேளுங்கள் சார், போன வருடம் ஆயிரம் ரூபாய் ஏற்றினேன். துபாயில் இருக்கும் ஒரு மகன் வாட்ஸப்பில் வந்து, “அங்கன ஒரு இடத்துல பதினஞ்சுக்குப் பாக்காங்களே” என்கிறார். மூன்று பேர் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டார்கள். அங்கே சிஸ்டரே கிடையாது, பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி விட்டிருக்கிறார்கள்.

ரிட்டயர்டு கிளார்க்:
அது மெய்தான். எங்கள் தெருவிலேயே பார்த்தேன். கார் ஷோரூமில் சொன்ன விலைக்கு வாங்குகிறவர், அப்பாவின் கட்டிலுக்கு மட்டும் பேரம் பேசுகிறார்.

நெல்லை சீமைப்புலி:
14567 என்று முதியோர் உதவி எண் இருக்கிறதே, அதில் புகார் கொடுத்து அந்த இல்லத்தை இழுத்து மூடச் சொல்ல வேண்டியதுதானே?

சமாதானபுரம்:
மூடினால் அன்றைக்கு ராத்திரி என் அம்மாவை எங்கே படுக்க வைப்பேன்? கூட 25 பேர் இருக்கிறார்கள்.

நைட் டூட்டி:
அண்ணாச்சி, பகலில் போகாதீர்கள். ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஒரு நாள் போய்ப் பாருங்கள். கத்த வேண்டாம், சும்மா நாற்காலி போட்டு உட்காருங்கள். எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்று எண்ணினால் போதும்.

சமாதானபுரம் (நாலு நாள் கழித்து):
போயிருந்தேன். பதினொன்றே கால். கேட்டைத் திறந்தது ஆயா. மாடியில் சிஸ்டர் ஒருத்தி. அவ்வளவுதான் ஆள். சனிக்கிழமை அழுத அதே பிள்ளை. நிறுத்தவில்லை, பதிலுக்கு ஆள் கிடைக்கவில்லையாம்.

அம்மாவுக்கு ஏர் பெட் (மோட்டாரில் காற்று ஏறும் மெத்தை) என்று மூன்று மாதமாகப் பில்லில் 1,500 ரூபாய் சேர்க்கிறார்கள். பெட் கிடக்கிறது, மோட்டார் ஓடவில்லை. அந்த வரிசைக்கு ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதில் பக்கத்துக் கட்டில் ஆச்சியின் ஆக்சிஜன் மெஷின். ஆயா என்னிடம் மெதுவாக, “எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணு வாங்கிக் குடுங்க சார், நாங்க கேட்டா நம்ம சம்பளத்துல பிடிப்பாங்க” என்றாள். காலையில் வண்ணார்பேட்டையில் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். 450 ரூபாய். புண் இப்போது கொஞ்சம் காய்ந்திருக்கிறது.

மற்ற வீட்டுக்காரர்கள் ஏழு பேர் நம்பர் கிடைத்திருக்கிறது. ஆளுக்கு இரண்டாயிரம் கூடத் தருகிறோம், ராத்திரிக்கு இன்னொரு ஆள் போட்டு அட்டெண்டன்ஸ் நோட்டை எங்களுக்குக் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுக்கப் போகிறோம். ஏழு பேரில் சரி என்றவர்கள் நாலு.

இருபது கட்டில்:
இ.எஸ்.ஐ. பற்றி என் ஆடிட்டரிடம் கேட்டேன் கிளார்க் சார். “சமையல்காரங்க ரெண்டு பேரையும் ஏஜென்சி கணக்கில் காட்டிட்டா ஒம்பது பேர் ஆயிடும்” என்கிறார்.

ரிட்டயர்டு கிளார்க்:
ஆடிட்டரை மாற்றும். ஏஜென்சி ஆளும் எண்ணிக்கையில் வருவார் வே.

நைட் டூட்டி:
அந்தப் பிள்ளையின் சர்டிபிகேட் யாரிடம் இருக்கிறது என்று கேட்டீர்களா அண்ணாச்சி?

சமாதானபுரம்:
கேட்டேன். பீரோவில்.