மறு: செயல் வாழிடமா, மாடமா? ‘வாழ்பாடு’ என்று ஒரு முன்மொழிவு

வணக்கம்.

ஓர் இனம் தன் சூழலில் வாழும் வகையைச் சூழலியலில் ‘நிச்’ (niche) என்பார்கள். பாடநூல் அதைச் ‘செயல் வாழிடம்’ என்கிறது. அதற்குப் பதிலாக, முந்தைய மடலில் ஐயா தந்த ‘மாடம்’ அழகான சொல். பிரெஞ்சு மூலமும் சுவரில் குடைந்த மாடத்தைத்தான் குறிக்கிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. மாடம் சுவருக்குச் சொந்தம். விளக்கை எடுத்துவிட்டாலும் அது அங்கேயே இருக்கும். 1917-இல் விலங்கியலாளர் கிரின்னல் கலிபோர்னியா த்ராஷர் பறவையை வைத்து, ஓர் இனத்துக்கு ஏற்ற இடம் என்று விளக்கிய பொருளுக்கு இது பொருந்தலாம். 1957-இல் சூழலியலாளர் ஹட்சின்சன் அதைப் புரட்டிப் போட்டுவிட்டார். எந்த வெப்பம், எவ்வளவு ஈரம், எந்த இரை இருந்தால் ஓர் இனம் நிலைத்து வாழுமோ, அந்த எல்லைகள் எல்லாம் சேர்ந்ததே நிச் என்றார். அது இடத்தின் பண்பு அல்ல, இனத்தின் பண்பு. விளக்கு தன் மாடத்தைத் தானே சுமந்து நடக்கிறது என்று சொன்னால்தான் சரியாக வரும்.

பாடநூலின் ‘செயல் வாழிடம்’ தரும் தொல்லை வேறு. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சூழலியல் சொல்லித் தருகிறேன். “இரண்டு இனங்கள் ஒரே வாழிடத்தில் இருக்கலாம், ஒரே செயல் வாழிடத்தில் நெடுநாள் இருக்க முடியாது” என்று உயிரியலாளர் காஸின் ‘போட்டி விலக்கல்’ விதியை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, “வாழிடத்துக்குள்ள இன்னொரு சின்ன வாழிடமா சார்?” என்றாள். அவள்மேல் தப்பில்லை. ‘வாழிடம்’ என்று முடிகிற சொல் இடத்தைத்தானே காட்டும்?

வேடந்தாங்கலில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். நீர்க்காகம் முங்கி, நீருக்கடியில் மீனை விரட்டிப் பிடிக்கும். கொக்கு கரையோரம் அசையாமல் நிற்கும். மஞ்சள் மூக்கு நாரை பாதி திறந்த அலகை நீருக்குள் விட்டுத் துழாவும். மீன் பட்டதும் அலகு மூடிக்கொள்ளும். நத்தைகுத்தி நாரைக்கு மீனைவிட நத்தைதான் முக்கியம். ஏரி ஒன்றுதான், பிழைப்பு வேறு வேறு. நம் ஆட்கள் மீன்கொத்தி, மரங்கொத்தி, நத்தைகுத்தி என்று பிழைப்பை வைத்தே பெயர் சூட்டியிருக்கிறார்கள். கருத்து தமிழில் முன்பே இருக்கிறது, கலைச்சொல்தான் இல்லை.

‘பிழைப்பு’ என்றே வைக்கலாமா என்றும் யோசித்தேன். பேச்சில் அதற்கு இரக்கமும் இளக்காரமும் ஒட்டிக்கொண்டுவிட்டன. அதனால் ‘வாழ்பாடு’ என்கிறேன். பண்பாடு, செயல்பாடு போல நாவில் எளிதாக வரும். ‘அவரவர் பாடு’ என்பதன் சாயலும் உண்டு. ஓர் இனம் வாழும் வகை என்று பிரித்துப் பார்த்தாலே விளங்கும்.

ஒரு சொல் நிற்குமா என்பது அதன் கிளைச்சொற்களில் தெரியும். 1961-இல் வெளியான ஆய்வில், சூழலியலாளர் கானெல் ஸ்காட்லாந்துக் கடற்கரைப் பாறைகளில் பலானஸ் என்ற கொட்டலசுகளை (பாறையில் ஒட்டி வாழும் ஓட்டு உயிரிகளை) அகற்றிப் பார்த்தார். அதுவரை பாறையின் மேற்பகுதியில் மட்டும் இருந்த தமாலஸ் (Chthamalus) என்ற இன்னொரு கொட்டலசு கீழேயும் பரவியது. தமாலஸால் வாழ முடிந்த பரப்பு பெரியது; போட்டியில் அதற்கு மிஞ்சியது சிறியது. முன்னதை (fundamental niche) ‘இயல் வாழ்பாடு’ என்றும் பின்னதை (realized niche) ‘எய்து வாழ்பாடு’ என்றும் சொல்லலாம். பின்னதை ‘மெய் வாழ்பாடு’ என்றால் மற்றது பொய்யாகிவிடும். சூழலியலாளர் மக்ஆர்தர் ஆராய்ந்த ஐந்து வார்ப்ளர் (சிறு பறவை) இனங்கள் ஒரே மரத்தின் வெவ்வேறு பகுதிகளில் ஒதுங்கி இரை தேடியதை ‘வாழ்பாட்டுப் பங்கீடு’ எனலாம்.

‘எய்து’ என்பதில் மட்டும் எனக்கு முழு நிறைவில்லை. அம்பு எய்வது நினைவுக்கு வந்துவிடுகிறது. வகுப்பறையில் ஓடக்கூடிய வேறு சொல் இருந்தால் தாருங்கள்.