கன்னிப்பூவுக்கு யூரியாவா, தக்கைப்பூண்டா?

பறக்கைக்காரன்: அப்பா பார்த்த 60 சென்ட் வயல் இந்த வருஷம் என் கைக்கு வந்திருக்கிறது. நம்ம குமரி மாவட்டத்து முதல் போக நெல்லான கன்னிப்பூவுக்கு யூரியாவே வேண்டாம், சாணமும் கோமியமும் வெல்லமும் கரைத்துப் புளிக்க வைக்கும் ஜீவாமிர்தம் போதும் என்கிறான் மச்சான். நம்பி இறங்கலாமா?

தொழி உழவன்: வேண்டாம் தம்பி. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து. அதாவது 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதே சத்துக்கு மக்கிய தொழுவுரம் சுமார் 4 டன் வேண்டும். தெருவில் மாடே இல்லை, 4 டன்னுக்கு எங்கே போவீர்கள்? ஜீவாமிர்தத்தில் நுண்ணுயிர் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பயிரின் பசிக்கு அது காணாது.

மட்டிக்குலை: அண்ணாச்சி, மூட்டையில் இருப்பதெல்லாம் நெல்லுக்கா போகிறது? தொழியில், அதாவது உழுது கலக்கிய சேற்றில், தூவியதில் பாதிக்கு மேல் காற்றோடும் தண்ணீரோடும் போய்விடும். பயிர் கரும்பச்சையாக நிற்கும், பார்க்க ஜோர். அப்புறம் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி வரும், அதற்கு ஒரு மருந்துச் செலவு. போன கும்பப்பூவில், அந்த இரண்டாம் போகத்தில், என் வயல் வட்டம் வட்டமாகக் கருகியது. நானும் மூட்டை மூட்டையாகப் போட்டவன்தான்.

தொழி உழவன்: ஒரேயடியாகக் கொட்டினால் அப்படித்தான். மூன்று தவணையாகப் பிரித்துப் போட வேண்டும். அம்பை 16 மாதிரி குட்டை ரகங்கள் உரத்துக்குச் சாயாமல் நிற்கவென்றே வந்தவை. அதைப் பட்டினி போட்டுவிட்டு விளையவில்லை என்று அழக்கூடாது.

மட்டிக்குலை: பட்டினி போடச் சொல்லவில்லையே. மாசியில் கும்பப்பூ அறுத்தால், ஜூனில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரும்வரை வயல் சும்மாதானே கிடக்கிறது? சித்திரை மழையில் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச்செடியை விதைத்து, 45 நாளில் பூக்கிற சமயம் மடக்கி உழுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும்.

தொழி உழவன்: காய்ந்த மண்ணிலேயே நெல்லைத் தூவும் பொடி விதைப்புக்காரனுக்குச் சித்திரையிலேயே நெல் விதை இறங்கிவிடும், அவன் எங்கே பூண்டு போடுவான்? மழை ஏமாற்றினால் அதுவும் முளைக்காது.

ரப்பர்வெட்டி: குலசேகரத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் வயலுக்கு வரும் வாய்க்காலை மேலே பிளாட் போட்டவர்கள் மூடிவிட்டார்கள். வாழை வைத்தோம், 2017 ஒக்கி புயலில் ஒன்று மிச்சமில்லாமல் படுத்தது. இப்போது ரப்பர். நீங்கள் சண்டை போட வயலாவது இருக்கிறது, போடுங்கள்.

பறக்கைக்காரன்: எனக்குத் தண்ணீர் வருகிறது, நடவுதான். பாதி வயலில் பூண்டு, பாதியில் யூரியா என்று வைத்துப் பார்க்கட்டுமா?

தொழி உழவன்: பூண்டு உழுத பக்கமும் கதிர் உருவாகும் சமயம் கொஞ்சம் யூரியா காட்டுங்கள். மச்சானுக்குத் தெரிய வேண்டாம்.

மட்டிக்குலை: 30 சென்ட்டுக்கு 6 கிலோ விதை. என்னிடம் மிச்சம் இருக்கிறது, சாக்கு கொண்டுவந்து எடுத்துக்கொள்ளுங்கள்.