பாவித்த சாமானும் கைவேலையும்: திருகோணமலையில் உங்கள் அனுபவம் என்ன?

உப்புவெளி, இரண்டு பிள்ளைகளின் அம்மா

என் மூத்த மகள் 2022 இல் பிறந்தாள். அந்த வருடம் எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம், சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும் 94.9 வீதம். முந்தைய வருடம் 380 ரூபாய்க்கு வாங்கிய 400 கிராம் பால்மா ஆயிரத்தைத் தாண்டியது. கணவருக்கு நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் வேலை. வெளிநாட்டுக்காரர் வரவில்லை, சம்பளம் பாதியாகிவிட்டது. தொட்டில், நுளம்பு வலை, உடுப்பு என்று எழுதி வைத்த பட்டியல் அப்படியே கிடந்தது.

ஒருநாள் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமி ஒரு பையோடு வந்தார். சொந்தமில்லை, கூப்பிடுவது அப்படித்தான். "பிள்ளை, குறை நினைக்காத. என்ட பேரன்ட உடுப்பு. தோய்ச்சுக் காயவைச்சுத்தான் கொண்டு வந்தனான்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. காசில்லாத கவலை ஒரு பக்கம், யாரோ வீட்டுப் பழசை என் பிள்ளைக்குப் போடுவதா என்ற கூச்சம் இன்னொரு பக்கம். அப்போது என் மாமியார் உள்ளேயிருந்து வந்து பையை இரண்டு கையாலும் வாங்கினார். "பிறந்த பிள்ளைக்கு முதல் போடுறது பழசுதானே. 31 நாள் கழியட்டும், அதுக்குப் பிறகு புதுசைப் பார்ப்பம்" என்றார். அந்த ஒரு பேச்சோடு கொடுத்தவருக்கும் சங்கடமில்லை, வாங்கிய எனக்கும் சங்கடமில்லை. நம் ஆட்கள் காலங்காலமாகப் பிள்ளையை முதலில் பழைய துணியில் சுற்றியதற்கு மெதுமை மட்டும் காரணமாக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. நாலு வீட்டில் கேட்டு வாங்கவும் அது ஒரு வழி.

தொட்டிலுக்குப் பதில் ஏணை கட்டினோம். அம்மாவின் பருத்திச் சீலை. நைலோன் சீலை வழுக்கும், காற்றும் போகாது. கூரை வளையில் கட்டும் கயிற்றைப் பெரியவர் ஒருவர் தொங்கிப் பார்த்த பிறகுதான் பிள்ளையைப் போட்டோம். ஏணை வாய் மூடாமல் இருக்கக் குறுக்கே தடி வைக்க வேண்டும், இது முக்கியம். பிள்ளை புரண்டு எழும்பத் தொடங்கினால் ஏணையை அவிழ்த்துவிடுங்கள்.

பம்பர்ஸ் வாங்கிக் கட்டுப்படியாகாது என்பதால் கணவரின் பழைய சாரங்களை வெட்டினேன். ஒரு சாரத்தில் இரண்டடிச் சதுரமாக ஆறு துண்டு வரும். பல தடவை தோய்த்த சாரம் புதுத் துணியைவிட நன்றாக ஈரத்தை இழுக்கும். ஓரம் மடித்துத் தைத்தால் போதும். இரவுக்கும் பயணத்துக்கும் மட்டும் பம்பர்ஸ் வைத்துக்கொண்டோம். இப்போது இரண்டாவது பிள்ளையும் அதே துண்டுகளில்தான் வளர்கிறான்.

நீங்கள் எங்கே வாங்கினீர்கள், யார் தந்தார்கள், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். பொருளைவிட, அதைத் தந்த ஆளோடு நடந்த கதையைக் கேட்கத்தான் எனக்கு ஆசை.


கிண்ணியா, வீட்டில் தையல் செய்பவர்

தங்கச்சி, சீலை என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன வருடம் ஒரு இளம் பிள்ளை என்னிடம் ஒரு சீலை கொண்டு வந்தா. மௌத்தான உம்மாவின் சீலை. "ராத்தா, இத வெட்டினா உம்மாவ வெட்டின மாதிரி இருக்கு. வெட்டாட்டி அலுமாரிக்குள்ள உக்கிப் போகும்" என்று சொல்லி அழுதா. நான் உடனே கத்தரிக்கோலை எடுக்கவில்லை. இரண்டு பேருமாகச் சீலையை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். எங்கே நூல் நைந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் தெரியும். பழஞ்சீலையில் கொய்யகம் வரும் இடமும் கால் தட்டும் கரையும்தான் முதலில் போகும். இடுப்புக்குள் சுற்றும் முதல் பகுதி வெயில் படாததால் நிறம் மங்காமல் இருக்கும். ஐந்தரை மீற்றரில் நல்ல பகுதியை மட்டும் எடுத்து மகளுக்கு இரண்டு சட்டை, நைந்த பகுதியை இரட்டையாக மடித்து ஒரு போர்வை. முந்தானையைத் தொடவில்லை. அதை மடித்து அவவின் கையில் கொடுத்தேன். பெருநாளைக்கு அந்தச் சட்டையோடு மகளைக் கூட்டி வந்து காட்டிவிட்டுப் போனா.

வளரும் பிள்ளைக்குத் தைப்பவர்கள் அடி மடிப்பை மூன்று விரல் அகலத்துக்காவது விடுங்கள். தோள்பட்டையிலும் பக்கத் தையலிலும் உள்ளுக்குத் துணி விட்டால் அடுத்த வருடமும் அதே சட்டை போடலாம். கடையில் விற்கும் உடுப்பில் இந்த இடங்களில் துணியே விடுவதில்லை, அதனால்தான் அதைப் பெருப்பிக்க முடியாது. பாவித்த உடுப்பு வாங்கும்போதும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நல்ல மடிப்பு இருந்தால் பொத்தான் போயிருந்தாலும் வாங்கலாம்.

பழைய கை மெஷின் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு: சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், எங்கும் இறுகக் கூடாது. பொபின் கூட்டைக் கழற்றித் துருவைப் பாருங்கள். பழைய சிங்கர் மெஷின்கள் இரும்பு என்பதால் துருவை எடுத்து எண்ணெய் விட்டால் திரும்ப ஓடும். ஆனால் மெஷின் எண்ணெய்தான் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பசை மாதிரி இறுகிவிடும். சாதாரணப் பருத்திக்கு 14 ஆம் நம்பர் ஊசி, மெல்லிசுக்கு 11, ஜீன்ஸ் துணிக்கு 16.

இன்னொன்று. உம்மம்மா இழைத்த பன் பாய் வீட்டில் இருந்தால் ஓரம் பிரிந்ததென்று எறியாதீர்கள். துணி நாடா வைத்துக் கையால் ஓரம் கட்டினால், நடுப் பகுதி பழுதாகாதவரை அது கிடக்கும். தவழும் பிள்ளைக்கு சீமெந்து நிலத்தில் அதைவிட நல்ல விரிப்பு நான் காணவில்லை.


பாலையூற்று, ஒரு அப்பா

மகனுக்குச் சைக்கிள் வாங்கிய கதை. புதிதின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்த பிறகு, அபயபுரப் பக்கம் ஒரு சிங்களக் குடும்பம் விற்பதாக வேலைத்தளத்தில் ஒருவர் சொன்னார். என் சிங்களம் சந்தைச் சிங்களம். அவர்களின் தமிழும் அப்படித்தான். வீட்டுக்காரர் விலை சொன்னார், நான் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன், அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவருடைய மகன், பத்து வயது இருக்கும், என் மகனைச் சீற்றில் ஏற்றிவிட்டுப் பின்னால் பிடித்துக்கொண்டு ஒழுங்கை முழுக்க ஓடுகிறான். இந்தப் பிறேக் கொஞ்சம் இறுக்கம், இதை முதலில் பிடி, அதைப் பிறகு பிடி என்று கையால் காட்டிக் கொடுக்கிறான். தகப்பன் அதைப் பார்த்துவிட்டு நான் கேட்ட விலைக்கே தந்தார். காற்றடிக்கும் பம்பையும் சேர்த்துத் தந்தார். அந்தப் பையன் எங்களைச் சந்திவரை வந்து வழியனுப்பினான். தன் சைக்கிள் யாரிடம் போகிறது என்று பார்த்துக் கொடுக்கும் அந்தக் குணம் எனக்கு மிகவும் பிடித்தது. சைக்கிளை நான் அதனால்தான் இன்றும் கிழமைக்கு ஒருதரம் துடைக்கிறேன்.

நம் ஊரில் எந்த இரும்புச் சாமான் வாங்கினாலும் உப்புக்காற்றை மறக்கக் கூடாது. சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். பெடல் பூட்டியிருக்கும் இடத்துக்கு அடியிலும், சீற் தண்டைக் கழற்றி அதன் உள்ளேயும் பாருங்கள். மேலே பெயின்ற் மினுங்கும், உள்ளே தகடு உக்கியிருக்கும். ஒட்டுப் போட்ட இடங்களில் கீறல் இருந்தால் வேண்டாம். செயின், ரயர், பிறேக் கட்டை போனால் மாற்றிக்கொள்ளலாம்.

மரக் கட்டில் என்றால் முதிரையோ தேக்கோ கிடைத்தால் விடாதீர்கள். காலைத் தட்டிப் பாருங்கள், கோது மாதிரிச் சத்தம் வந்தால் கறையான் உள்ளே இருந்திருக்கிறது. குழந்தைக் கட்டிலில் கம்பிகளுக்கு இடைவெளி 6 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் உடம்பு நுழைந்து தலை மாட்டும். அந்தக் கட்டில் எவ்வளவு வடிவாக இருந்தாலும் வேண்டாம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையில் வெளி இருக்கக் கூடாது. பழைய பெயின்ற் உரிந்திருந்தால் அதிலும் கவனம். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், பல் முளைக்கும் பிள்ளை கட்டிலைக் கடிக்கும். ஹெல்மெற் மட்டும் எக்காரணத்துக்கும் பாவித்தது வாங்காதீர்கள். ஒருதரம் விழுந்த ஹெல்மெற் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே போயிருக்கும்.


லிங்கநகர்

போனில் பார்த்து வாங்குபவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். "நிறையப் பேர் கேட்கிறார்கள், முற்பணம் போட்டால் எடுத்து வைக்கிறேன்" என்று சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். சாமானைக் கையில் பார்த்து, கரண்ட் சாமான் என்றால் பூட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். நான் தெருவில் கேட்டுத்தான் அதிகம் வாங்கியிருக்கிறேன். தெருவில் வாங்கினால் விற்றவரின் முகம் தெரியும், நாளைக்கும் அவரைக் காண்போம்.


சாம்பல்தீவு, பேரப்பிள்ளைகள் உள்ளவர்

பிள்ளைகள் எழுதியதெல்லாம் வாசித்தேன். கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

2004 கடல் வந்த பிறகு நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். உடுப்பு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. மனமுவந்து அனுப்பியவர்கள் நிறையப் பேர், அவர்களை நான் மறக்கவில்லை. ஆனால் சில மூட்டைகளைப் பிரித்தால் கம்பளி ஜாக்கெற், குதி உயர்ந்த ஒற்றைச் செருப்பு, கிழிந்த உள்ளுடுப்பு. கட்டின சீலையோடு ஓடி வந்தவள் ஒருத்தி, மாற்ற ஒரு சட்டை தேடி அந்தக் குவியலைக் கிளறிக்கொண்டு நின்றாள். அப்போது எங்களுக்கு உதவிக்கு வந்திருந்த ஒரு ரீச்சர் அதன் பிறகு அந்தக் குவியலைப் பெண்கள் கையில் கொடுக்கவே இல்லை. இரவோடு இரவாகத் தானும் இன்னும் சிலருமாகப் பிரித்து, நல்லதை மட்டும் அளவளவாக மடித்து, வாங்கில் கடை மாதிரி அடுக்கினார். காலையில் "வாங்கோ, விருப்பமானதை எடுங்கோ" என்றார். பழசுதான். ஆனால் நாங்கள் நிறம் பார்த்து எடுத்தோம். அத்தனை இழந்த பிறகு "எனக்குப் பச்சை வேணாம், நீலம் தாங்கோ" என்று சொல்ல முடிந்தது. அந்த ரீச்சர் எங்களுக்குச் செய்ததை இன்றைக்கும் கும்பிட்டுத்தான் நினைப்பேன்.

ஆகவே கொடுக்கும்போது தோய்த்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுங்கள். நீங்கள் உங்கள் பிள்ளைக்குப் போடமாட்டாததை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். அது கால் துடைக்கும் துண்டுக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் காலத்தில் கோதுமைமா பருத்திப் பையில் வந்தது. அம்மா அந்தப் பையை அவித்து எழுத்தைப் போக்கி எங்களுக்குப் பெட்டிசோட்டும் தலையணை உறையும் தைப்பார். இப்போது மாப்பை பிளாஸ்ரிக் இழை, உடம்புக்கு ஆகாது. ஆனால் சந்தைக்குப் போகும் பைக்கு நல்லது.

விளையாட்டுச் சாமானுக்கு நான் கடைக்குப் போனதில்லை. குரும்பட்டியும் ஈர்க்கும் இருந்தால் தேர். இரண்டு பனங்காயும் ஒரு தடியும் கவர்த்தடியும் இருந்தால் வண்டில். பேரன் அந்த வண்டிலை ஒழுங்கையில் உருட்டிப் போக, கடைக் கார் வைத்திருக்கும் பிள்ளைகள் பின்னால் ஓடுகிறார்கள். துணிப் பொம்மை செய்தால் கண்ணுக்குப் பொத்தான் வேண்டாம், மூன்று வயதுக்கு உட்பட்டது பிய்த்து வாயில் போடும். கறுப்பு நூலால் கண் தைத்துவிடுங்கள். உள்ளே அடைக்க இலவம் பஞ்சு. கோடையில் காய் வெடிக்கும்போது எடுத்து, கச்சான் காற்றில் காயவைத்தால் மாரி முழுக்க மணக்காது.


நிலாவெளி

மேலே சாம்பல்தீவு அம்மா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். வீட்டு அலங்காரத்துக்குப் பிள்ளைகளோடு கடற்கரையில் சிப்பி பொறுக்குவோம். கரைவலைத் தொழில் செய்யும் அண்ணாமாரிடம் கழித்த வலைத்துண்டு கேட்டால் தருவார்கள். கத்தரிக் கன்றைக் கோழி கிளறாமல் சுற்றிக் கட்டவும், வெங்காயம் தொங்கவிடவும் அது பயன்படும். ஆனால் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைத் துண்டை, எடுக்க வேண்டாம், செத்துக் கரை ஒதுங்கியது என்றாலும். எங்கள் கரைக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு கல்லும் கொண்டு வரக் கூடாது. போன மாதம் என் மகள் கையில் எடுத்த கல்லை ஒரு படகுக்காரர் குனிந்து வாங்கி, அது மீனுக்கு வீடு என்று சொல்லித் தண்ணீரில் விட்டார். மகள் இப்போது மற்றப் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லித் திரிகிறாள்.


உவர்மலை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. மாரி மழையில் பெட்டிக்குள் வைத்த குழந்தை உடுப்பில் பூஞ்சணம் பிடித்துவிட்டது, என்ன செய்யலாம்? மற்றது, மகளுக்கு ஆறாம் வகுப்பு அளவில் வெள்ளைச் சீருடை யாரிடமாவது இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் கிடைக்கும் துணி ஒரு சட்டைக்குத்தான் வந்தது, மாற்றுக்கு ஒன்று வேண்டும். கழுவிப் போட்டுக் காயாத நாட்களில் பெரிய கரைச்சல்.


உப்புவெளி, இரண்டு பிள்ளைகளின் அம்மா

அக்கா, பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே வைத்துத் தும்பு பிரஷ்ஷால் தட்டிவிட்டு, வெந்நீரும் சவர்க்காரமும் போட்டு ஊறவைத்துத் தோய்த்து, நல்ல வெயிலில் உள்பக்கம் வெளியே தெரியக் காயவையுங்கள். வெள்ளைத் துணிக்கு எலுமிச்சம்புளியும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டால் கறை மங்கும். திரும்ப வைக்கும்போது முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். பெட்டி சுவரோடு ஒட்டி இருக்கக் கூடாது.

சீருடை என்னிடம் இல்லை. என் அக்காவின் மகளுடையது இரண்டு இருக்கிறது. கழுத்துப் பக்கம் கொஞ்சம் மஞ்சள், நீலம் போட்டால் போய்விடும். அடியில் மூன்று விரல் மடிப்பு இருக்கிறது, பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு வருவேன். மகளையும் கூட்டி வாருங்கள், அளவு பார்த்து அவளே எடுக்கட்டும்.