பஃபரா, ஹூட்சூட்டா, மெட்டா பிசினஸ் சூட்டா?

கேள்வி:
கைத்தறிச் சேலைக் கடைக்கு ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம், எக்ஸ் (பழைய ட்விட்டர்), ஒரு ஃபேஸ்புக் குழு இருக்கின்றன. வாரம் 5 போஸ்ட், 2 ரீல்ஸ். கவனிப்பது ஒரே ஆள். ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் ஷெட்யூல் செய்துவிட (நேரம் குறித்து வைத்துவிட) பஃபர், ஹூட்சூட், மெட்டா பிசினஸ் சூட் என்ற மூன்று கருவிகளில் எது சரிப்படும்?

பதில் 1:
ஹூட்சூட் வேண்டாம். 2023-இல் இலவசத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பல பேர் சேர்ந்து எழுதி, ஒருவர் பார்த்து அனுமதிக்கும் அலுவலகத்துக்குத்தான் அதன் கட்டணம் கட்டுப்படியாகும். பஃபர் இலவசத் திட்டத்தில் 3 சேனல் (ஒரு பக்கமோ கணக்கோ ஒரு சேனல்) இணைக்கலாம். சேனலுக்கு 10 போஸ்ட் வரை வரிசையில் நிற்கும். ஒன்று வெளியானால் ஓர் இடம் காலியாகும். வாரம் ஏழுக்கு அது தாராளம். இணைத்தவுடன் டைம்ஸோன் கொல்கத்தா (இந்திய நேரம்) என்று இருக்கிறதா பாருங்கள்.

பதில் 2:
குழுவுக்குக் கையால்தான் போட வேண்டும். வெளிக் கருவிகள் குழுவில் போஸ்ட் போட உதவிய ஏபிஐ என்ற இணைப்பு வழியை, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் 2024 ஏப்ரலில் எடுத்துவிட்டது. குழுவிலும் தானாகப் போடலாம் என்று சொல்லும் பழைய ஒப்பீட்டுக் கட்டுரைகளை நம்பாதீர்கள். இன்ஸ்டாகிராமை பிசினஸ் கணக்காக மாற்றுங்கள். தனிநபர் கணக்கென்றால் போஸ்ட் தானாக வெளியாகாது, போனுக்கு நினைவூட்டல் மட்டும் வரும். ஆனால் பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டு பெரும்பாலும் கிடைக்காது. உரிமைச் சிக்கல் இல்லாத இசையை வீடியோவிலேயே சேர்த்து ஏற்றிவிடுங்கள்.

பதில் 3:
தமிழில் எழுதுபவர்கள் எக்ஸில் இடறும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு போஸ்ட்டுக்கு உள்ள 280 என்ற வரம்பு நம் எழுத்துக் கணக்கு இல்லை. புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'பட்டுச்சேலை' நமக்கு ஆறெழுத்து, எக்ஸுக்கு 11. ஃபேஸ்புக்குக்கு எழுதியதை அப்படியே அனுப்பினால் வரம்பு தாண்டி நின்றுவிடும். கருவியில் எக்ஸுக்கு மட்டும் வாசகத்தைத் தனியாகச் சுருக்குங்கள்.

இன்னொன்று: ஃபேஸ்புக் பாஸ்வேர்டை மாற்றினால் கருவியிடம் உள்ள அனுமதி செல்லாமல் போகும். அந்த அனுமதியை நம்பி வரிசையில் நிற்கும் போஸ்ட் ஒன்றும் போகாது. மாற்றிய கையோடு கணக்கை மறுபடி இணைத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 'விலை என்ன?' என்றுதான் கமென்ட்டும் மெசேஜும் குவிகின்றன. அதற்கும் பஃபர் போதுமா?

பதில் 2:
அதற்கு மெட்டா பிசினஸ் சூட்தான் நல்லது, இலவசமும்கூட. பக்கத்தின் மெசேஜ், இன்ஸ்டாகிராம் மெசேஜ், இரண்டின் கமென்ட்டும் ஒரே இன்பாக்ஸில் வரும். அடிக்கடி எழுதும் பதிலைச் சேமித்தும் வைக்கலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஷெட்யூலையும் அங்கேயே முடித்துவிடுங்கள். எக்ஸுக்கு மட்டும் பஃபர் இருக்கட்டும்.