பூனைக்குத் தீனி வைத்துவிட்டு போனை மூடிய இரவுகள்

2016. என் மகள் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருமுறை, நாலரைக்கு ஒருமுறை எழுந்து பால் கொடுப்பேன். ஒரு கை குழந்தைக்கு, இன்னொரு கையில் போன். அதில் என் தங்கை ‘நெக்கோ அட்சுமே’யை ஏற்றிக் கொடுத்தாள். ஜப்பானின் ஹிட்-பாயின்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட விளையாட்டு. பெயருக்குப் பொருள், பூனை சேர்ப்பது.

அதுவரை வீடியோ கேம் என்றாலே எனக்குள் ஒரு தயக்கம். சின்ன வயதில் அண்ணன் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். என் கையில் கொடுத்தால் பத்து நொடியில் ஆள் செத்துவிடும், அவன் உடனே வாங்கிக்கொள்வான். இந்த விளையாட்டில் சாவதற்கே வழியில்லை. ஒரு சின்ன முற்றம். கிண்ணத்தில் தீனி வைக்கவேண்டும், பந்தோ மெத்தையோ அட்டைப்பெட்டியோ போடவேண்டும், அப்புறம் மூடிவிடவேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் பூனை வராது. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிவிட்டு வந்து திறந்தால், பெட்டிக்குள் ஒன்று சுருண்டு கிடக்கும். போகும்போது நன்றிக்கு மீன் வைத்துவிட்டுப் போகும்.

அதில் ஒரு குண்டு வெள்ளைப் பூனை உண்டு. வந்தால் கிண்ணம் மொத்தமும் காலி. தின்று முடித்துவிட்டு அங்கேயே, இனி நகர முடியாது என்பதுபோல உட்கார்ந்திருக்கும். ஒரு விடியற்காலையில் அதைப் பார்த்துவிட்டு மடியைப் பார்த்தேன். பால் குடித்து முடித்த என் மகளின் முகமும் அதே முகம். பிரசவத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

என்னை எந்த வேகத்துக்கும் இழுக்காமல், நான் இல்லாத நேரத்திலும் எனக்காக ஏதோ நடந்துகொண்டிருந்த விளையாட்டு அது. உங்களுக்கும் இப்படி ஒன்று வாய்த்திருந்தால் எழுதுங்கள்.

*

அக்கா, நீங்கள் சொன்ன அந்த அண்ணன் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் தங்கை கையிலிருந்தும் எத்தனையோ முறை பிடுங்கியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அவளுக்குக் கல்யாணமாகி முதல் பொங்கலுக்கு வந்திருந்தபோது ‘கத்தமாரி டமாசி’யைப் போட்டுக் கொடுத்தேன். 2004இல் பிளேஸ்டேஷன் 2க்கு நம்கோ வெளியிட்டது. நான் வைத்திருந்தது 2018இல் வந்த புதுப்பதிப்பு. கதையைக் கேளுங்கள்: அண்டத்துக்கெல்லாம் ராஜா ஒருநாள் போதையில் வானத்து நட்சத்திரங்களை உடைத்துத் தள்ளிவிடுகிறார். அவர் மகன், ஐந்தே சென்டிமீட்டர் உயர இளவரசன், பூமியில் கிடக்கும் சாமான்களை ஓர் உருண்டையில் ஒட்டிக்கொண்டே போய்ப் புது நட்சத்திரம் செய்து தரவேண்டும். உருட்டுவதற்குக் கையில் பிடிக்கும் கருவியில் உள்ள இரண்டு குச்சிகளையும் முன்னால் தள்ளினால் போதும்.

முதலில் குண்டூசி, ரப்பர் மாதிரிச் சின்னச் சாமான்தான் ஒட்டும். உருண்டை பெருக்கப் பெருக்கப் பூனை, சைக்கிள், மாடு, மனுஷர், வீடு. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தன்னை முட்டித் தள்ளிய பூனையையே அவள் சுருட்டிக்கொண்டு போனபோது, “அண்ணா, மாட்டிக்கிச்சு!” என்று கத்தியதில் அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு விஷயம். அவள் வேகமாகப் போகவே இல்லை. வரிசையாக அடுக்கியிருந்த சாமான்கள் முன்னால் நின்று, “இதை யாரு இவ்வளவு பொறுமையா அடுக்கி வெச்சாங்க?” என்று கேட்டாள். இதை உருவாக்கிய கெய்ட்டா தகாஹாஷி சிற்பக் கலை படித்தவர் என்று சொன்னேன். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் முதன்முதலாகச் சேகரித்த பதினான்கு வீடியோ கேம்களில் இதுவும் ஒன்று. நான் பல வருஷம் விளையாடியும் அந்தச் சாமான்களை நின்று பார்த்ததில்லை.

*

கத்தமாரி எல்லாருக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் நேரக் கணக்கு உண்டு, உருண்டை சிறுத்துப்போனால் ராஜா திட்டுவார். என் மனைவிக்கு அது சுழலும் வேகத்தில் தலை சுற்றிவிட்டது. புதிதாக வருபவருக்கு நான் ‘கிர்பி’ விளையாட்டைத்தான் கொடுப்பேன், நிண்டெண்டோவின் உருண்டையான ஒரு சின்னப் பாத்திரம். 1992இல் மசாஹிரோ சகுராய் அதை விளையாட்டே தெரியாதவர்களையும் மனதில் வைத்துத்தான் செய்தார். பள்ளம் வந்தால் மற்ற விளையாட்டுகளில் விழுந்து சாகவேண்டும். கிர்பி காற்றை இழுத்து ஊதி மிதந்து தாண்டிவிடும். அந்த உருண்டை உருவமே முதலில் தற்காலிகமாக வரைந்து வைத்ததுதான். பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்கள்.

*

2020 ஊரடங்கு. நான் தோஹாவில் ஓர் அறையில் தனியாக. அந்த மார்ச்சில்தான் ‘அனிமல் கிராசிங்’ வரிசையில் புது விளையாட்டு வந்தது. ஒரு தீவு, விலங்கு அண்டைவீட்டார், அங்கேயும் இங்கேயும் ஒரே கடிகாரம். நான் ராத்திரி உட்கார்ந்தால் அங்கேயும் ராத்திரி. அருங்காட்சியகம் நடத்தும் ஆந்தைக்குப் பூச்சி என்றால் அருவருப்பு, ஆனாலும் நான் கொண்டுபோகும் ஒவ்வொரு புதுப் பூச்சியையும் வாங்கி, அதைப் பற்றி விளக்கம் சொல்லும். வீட்டுக்கடன் உண்டு, வட்டி கிடையாது, கெடு கிடையாது.

அந்த வரிசையின் முதல் விளையாட்டை 2001இல் செய்த கத்சுயா எகுச்சி, ஜப்பானின் சீபாவில் குடும்பத்தையும் நண்பர்களையும் விட்டு வேலைக்காகக் கியோட்டோவுக்குப் போனவர். அந்தத் தனிமையிலிருந்துதான் இந்த யோசனை வந்ததாகச் சொல்லியிருக்கிறார். அதைப் படித்த அன்றைக்கு அந்த மனிதருக்கு மனதார நன்றி சொன்னேன்.

*

எங்கள் வீட்டில் அப்பா. வயது 68. ‘சூய்க்கா கேம்’. சூய்க்கா என்றால் தர்பூசணி. மேலிருந்து பழத்தைப் போடவேண்டும், ஒரே பழம் இரண்டு ஒட்டினால் அடுத்த பெரிய பழம். செர்ரியில் தொடங்கிப் பதினோராவது தர்பூசணி. ஜப்பானில் புரொஜெக்டர் விற்கும் ஒரு நிறுவனம் தன் கருவிக்காகச் செய்தது, 2021 கடைசியில் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் விளையாட்டுக் கருவிக்கு வந்து, 2023இல்தான் ஊரெல்லாம் பிடித்துக்கொண்டது.

பழங்களுக்கெல்லாம் முகம் வரைந்திருப்பார்கள். அதில் வரும் டெக்கோபோன் என்ற ஜப்பானிய ஆரஞ்சு வகையை அப்பா கமலா ஆரஞ்சு என்றுதான் சொல்வார். பழம் நேராக விழுந்து நிற்காது, உருளும். ஒரு மூலையில் பேரிக்காய் மாட்டிக்கொண்டால், “அதுக்குக் கொஞ்சம் இடம் கொடுடா” என்பார், நான்தான் அதைத் தடுத்து வைத்திருப்பதுபோல. அவர் முதல் தர்பூசணி எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியபிறகும் அடுத்த பழத்தைப் போட அவருக்கு மனம் வரவில்லை. அரைமணி நேரம் அப்படியே திரையில் வைத்திருந்தார்.

*

எல்லாவற்றையும் படித்தேன். அப்பாவுடைய தர்பூசணியை மகளுக்கும் வாசித்துக் காட்டினேன்.

அவளுக்கு ஐந்து வயதானபோது, பூனை விளையாட்டைச் செய்த அதே ஹிட்-பாயின்ட் நிறுவனத்தின் ‘தபிகாயெரு’வைக் காட்டினேன். ஒரு தவளை. பச்சை இலைகளைப் பறித்து, அவற்றையே காசாகக் கொடுத்து, அதற்குக் கட்டுச்சோறும் காப்புத் தாயத்தும் வாங்கி மூட்டையில் வைக்கவேண்டும். எங்கே போகும், எப்போது வரும் என்று சொல்லாது. நடுவில் ஒரு படம் அனுப்பும், ஏதோ ஒரு கோட்டை முன்னால் நின்றபடி. 2018 தொடக்கத்தில் இது ஜப்பானிய மொழியில் மட்டுமே இருந்தபோதே சீனாவில் லட்சக்கணக்கானோர் விளையாடினார்கள். எங்களுக்கும் எழுத்து ஒன்றுகூடப் புரியவில்லை.

மூன்று நாள் தவளை வரவில்லை. “பசிக்குமே” என்று மகள் கேட்டாள். கட்டுச்சோறு வைத்திருக்கிறோமே என்றேன். அவள் எழுந்துபோய்ப் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, வெளிச்சம் மேலே படாமல் திருப்பி வைத்துவிட்டு வந்து படுத்தாள்.